ஆளில்லாத அறையில் எரியும் சுடர்

1

ஆளில்லாத ஓர் அறையில் மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அதை ஏற்றியது யார்?

கம்ப்யூட்டரில் வரையப்படுகிற கற்பனை அறைகளின் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் மேலே போக முடிவதில்லை. படங்கள் எல்லோருக்கும் பரிச்சயமானவைதான். கூரை கண்ணுக்கு எட்டாத ஒரு நூலகம்; சுவர் முழுக்கத் தோல் அட்டைப் புத்தகங்கள்; உயரத்து ஜன்னலிலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிப்பட்டை; அதில் மிதக்கும் தூசி; சுழன்று ஏறும் மரப்படி; மூலையில் கணப்பு. அல்லது மந்திரவாதியின் பட்டறை, கைவிடப்பட்ட அரசவை, மலையைக் குடைந்து கட்டிய சத்திரம். விளையாட்டுகளுக்கும் சினிமாவுக்கும் புத்தக அட்டைகளுக்கும் இவை வரையப்படுகின்றன. யாருடைய தேவைக்கும் இன்றி, வரைகிறவனின் சொந்த ஆசைக்காகவும் வரையப்படுகின்றன. இப்படியான அறை ஒன்றை, நெருப்பின் சடசடப்போடும் ஜன்னல் மழையின் ஓசையோடும், மணிக்கணக்கில் திரையில் ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதாவது, அதில் குடியிருக்கிறார்கள். குடியிருப்பு என்று வந்துவிட்ட பிறகு, கட்டியவனிடம் சில கேள்விகள் கேட்க நமக்கு உரிமை உண்டாகிறது.

நம் வட்டாரத்தில் இந்தப் படங்களை ஒதுக்கிவிட இரண்டு காரணங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, இவை யதார்த்தத்திலிருந்து தப்பித்து ஓடுகிறவை. மற்றது, இவற்றைக் கை வரையவில்லை, மெஷின் வரைகிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

1514ல் ஆல்ப்ரெஹ்ட் டூரர் செப்புத் தகட்டில் செதுக்கிய புனித ஜெரோமின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். பெத்லஹேமில் வாழ்ந்து ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறந்த துறவியை டூரர் தன் காலத்து ஜெர்மானிய அறை ஒன்றில் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். முன்னால் ஒரு சிங்கம் அரைக்கண் மூடிப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய் தூங்குகிறது. இதற்கு மேல் ஒரு கற்பனை அறை என்ன வேண்டும்? ஆனால் அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. வட்டக் கண்ணாடிகள் பதித்த ஜன்னல் வழியாக வெயில் வந்து பக்கச் சுவரில் வளையங்களாக விழுகிறது. ஜன்னல் மாடத்தில் மண்டையோடு. பின்சுவரில் மணல் கடிகாரம். பெஞ்சுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. அந்தச் செருப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிழவர் எழுத உட்காரும் முன் அதைக் கழற்றியிருக்கிறார். சிங்கத்தை நாம் நம்புவதற்குச் செருப்பு ஜாமீன் நிற்கிறது.

கை, மெஷின் என்ற வித்தியாசமும் அவ்வளவு தூரம் நம்மை அழைத்துப் போகாது. டூரர் கையிலும் எஃகு உளி இருந்தது, அழுத்தி அச்செடுக்க ஒரு யந்திரம் இருந்தது. கருவி எதுவாக இருந்தாலும் அது தன் பங்குக்கு எதைச் செய்துகொடுக்கிறது, எதைக் கலைஞனின் பொறுப்பில் விட்டுவைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

2

கம்ப்யூட்டர் படத்தில் ஒளி எப்படி வந்தது என்பது ஓர் அறையின் கதை. 1984ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியை வரைந்தார்கள். ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் நீலம், மற்றவை வெளிறிய நிறம். அதுவரை கம்ப்யூட்டர் வரைந்த ஒளி விளக்கிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து கண்ணுக்கும் வந்ததோடு நின்றுவிடும். அல்லது கண்ணாடி போன்ற பளபளப்பில் பட்டுத் திரும்பும். சுண்ணாம்புச் சுவர் ஒன்று பக்கத்துச் சுவருக்குக் கொடுக்கும் வெளிச்சம் அதற்குத் தெரியாது. கார்னெல் பெட்டியில் முதன்முறையாகச் சிவப்புச் சுவரின் சிவப்பு பக்கத்துப் பரப்பில் லேசாகக் கசிந்தது. பிறகு அதே போல நிஜமான பெட்டி ஒன்றைச் செய்து, நிஜத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது எது என்று ஆட்களைக் கேட்டார்கள். அவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 1986ல் ஜேம்ஸ் கஜியா என்பவர் ஒளி பரப்புகளுக்கிடையே பட்டுத் தெறிப்பதை எல்லாம் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்று திரையில் நாம் பார்க்கும் அறைகளின் மிருதுவான வெளிச்சத்துக்கு ஆதாரம் இந்த வேலைகள்தான்.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் அறையில் எந்தப் பொருளும் தன்னந்தனியாக வெளிச்சம் பெறுவதில்லை, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றிடமிருந்தும் கடன் வாங்குகிறது என்பதைக் கணக்கு மூலம் நிரூபித்துக் காட்டினார்கள். ஓவியர்கள் அனுபவத்தில் அறிந்துவைத்திருந்த ஓர் உண்மைக்குப் பௌதிகம் கையெழுத்துப் போட்டது. ஆக, சூழலின் முதல் பாதியை மெஷின் ஒழுங்காகவே செய்துவிடுகிறது. ஒளி எங்கே விழும் என்று அதற்குத் தெரியும்.

அந்த ஒளி எதன் மேல் விழுகிறது என்ற மறு பாதியில்தான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

கணக்கில் பிறந்த சுவர் மாசு மருவற்றது. அப்படியே விட்டால் ஆஸ்பத்திரிச் சுவர் போல இருக்கும். எனவே பழமையை ஏற்ற வேண்டும். இதற்கென்று கருவிகள் உண்டு. 'சப்ஸ்டன்ஸ் பெயிண்ட்டர்' என்கிற மென்பொருளில், ஒரு பொருளின் வளைவுகளை அளந்து, எங்கெல்லாம் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் பெயிண்ட் உதிர்ந்த மாதிரியும், எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் அழுக்கு சேர்ந்த மாதிரியும் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு குமிழை இந்தப் பக்கம் நகர்த்தினால் பத்து வருஷம், அந்தப் பக்கம் நகர்த்தினால் முந்நூறு வருஷம். பார்வைக்கு ரொம்ப நன்றாகவே இருக்கிறது. துருத்திய விளிம்புதான் முதலில் தேயும், பள்ளத்தில்தான் அழுக்கு தங்கும் என்பது பொதுவாகப் பார்த்தால் சரியும்கூட.

ஆனால் பொருள்கள் பொதுவாகத் தேய்வதில்லை. நான் வேலை பார்க்கும் வங்கியில் பழைய மரக் கவுண்டர் ஒன்று இப்போதும் இருக்கிறது. அதன் விளிம்பு முழுவதும் ஒரே சீராகத் தேயவில்லை. கவுண்டரின் நீளம் பன்னிரண்டு அடி. வார்னிஷ் போயிருப்பது பணம் கட்டுகிறவர்கள் முழங்கையை ஊன்றும் ஒன்றரை அடியில் மட்டும். இன்னோர் இடத்தில், பேனாவைக் கட்டியிருந்த நூல் காலப்போக்கில் அறுத்த ஒரு மெல்லிய கோடு. தேய்மானம் என்பது ஒருவர் ஒரு காரணத்துக்காக ஓர் இடத்தில் நின்றதற்கான பதிவு. குமிழை நகர்த்திப் பெற்ற பழமையில் எல்லா விளிம்புகளும் நியாயமாக, பாரபட்சம் இல்லாமல் தேய்ந்திருக்கின்றன. கை எட்டாத உத்தரத்தின் மேல் விளிம்பும் கைப்பிடிச் சுவரும் ஒரே அளவு. யாருமே தொடாத இடத்தில் தொட்ட அடையாளம்.

இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இல்லாத அறையை வரைவது பொய் அல்ல. இல்லாத உழைப்பின் தடயத்தைப் பூசி, அந்தத் தடயம் எழுப்பும் இரக்கத்தை மட்டும் வசூலித்துக்கொள்வது பொய்க்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது.

3

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூழலை உண்டாக்குவதில் இந்தப் படங்களின் பிரதான உபாயம் அதுதான்.

ஒளிக்கற்றை தானாகக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மிதக்கும் துகள்கள் அதைச் சிதறடிப்பதால்தான் தெரிகிறது. ஜான் டிண்டல் 1870ல் லண்டனில் தூசியையும் நோயையும் பற்றி ஆற்றிய சொற்பொழிவில் ஒரு பரிசோதனையை விவரித்தார். இருட்டறையில் பாயும் பலமான ஒளிக்கற்றைக்குள் ஒரு ஸ்பிரிட் விளக்கின் சுடரை வைத்தபோது, சுடரைச் சுற்றிக் கறுப்புப் புகை போல ஏதோ சுருண்டு எழுந்தது. அது புகையே அல்ல. சுடரின் சூட்டில் தூசி இல்லாமல் போன காற்று. சிதறடிக்க எதுவும் இல்லாததால் அங்கே ஒளி இருந்தும் இருட்டாகத் தெரிந்தது. நாம் வெளிச்சம் என்று ரசிப்பது வெளிச்சத்தையும் அழுக்கையும் சேர்த்துத்தான்.

வீட்டுக்குள் மிதக்கும் தூசியில் வெளியிலிருந்து வந்த மண்ணும் உண்டு. துணியிலிருந்தும் படுக்கையிலிருந்தும் நம் தோலிலிருந்தும் உதிர்ந்தவையும் உண்டு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1900ல் தீட்டிய ஓர் ஓவியத்தின் பெயரே வெயில் கற்றையில் ஆடும் தூசித் துகள்கள் என்பது. கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் 30ஆம் எண் வீட்டில் அவர் 1898 முதல் 1909 வரை மனைவியோடு குடியிருந்தார். அந்த வீட்டின் ஓர் அறைதான் படம். ஒரு ஜன்னல், ஒரு கதவு, தரையில் ஜன்னலின் வெளிச்சம், நடுவே சாய்ந்த கற்றைகள். ஆள் இல்லை, நாற்காலிகூட இல்லை. இன்றைய கற்பனை அறைகளோடு ஒப்பிட்டால் இதில் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தத் தூசி யாருடையது என்று கேட்டால் பதில் இருக்கிறது. அது அந்த வீட்டின் தூசி. அங்கேயே பதினோரு வருஷம் இருந்து, அதே ஜன்னலைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒருவர் அதை வரைந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் இதே தூசி ஓர் எண். காற்றின் அடர்த்தி என்ற கட்டத்தில் தசமப் புள்ளி வைத்து ஒரு சிறு எண்ணை நிரப்பினால் கற்றை தெரிய ஆரம்பிக்கும். எண்ணைக் கூட்டினால் துக்கம் கூடும். இந்த வசதியே ஆபத்து. நாற்பது படங்களில் ஒரே துக்கத்தை ஒரே எண் கொடுக்கும்போது, துக்கம் எதைப் பற்றியது என்ற கேள்வி உதிர்ந்துபோகிறது. தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருள் இருக்கிறது, மரமும் விளக்கும் பறவையும் ஆகிய கருப்பொருள் மட்டுமீறி இருக்கிறது, உரிப்பொருள் இல்லை. முதலும் கருவும் பின்னணியாக நிற்க, உரியே பாட்டின் உயிர் என்று நம் உரைகாரர்கள் கருதியதற்குக் காரணம் இருந்தது. பிரிந்தவள் ஒருத்தி இல்லாவிட்டால் மாலைப்பொழுது வெறும் ஆறு மணிதான்.

4

மெழுகுவர்த்திக்குத் திரும்புகிறேன். பழைய காலத்து அரண்மனை என்று சொல்லி வரையப்படும் கூடங்களில் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் எரிகின்றன. எல்லாச் சுடரும் நேராக, புகையில்லாமல், அசையாமல். 1820களில் பிரான்சில் பின்னல் திரி வருவதற்கு முன்னால் இது நடக்கிற காரியம் இல்லை. முறுக்குத் திரி தானாகச் சாம்பலாகி உதிராது. நீண்டு கருகி நிற்கும். சுடர் மங்கிப் புகை கக்கும். கொழுப்பு மெழுகுவர்த்தி என்றால் அடிக்கடி திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று தனிக் கத்தரிக்கோலே இருந்தது. ஆகவே அந்தக் காலத்து அறையில் நேராக எரியும் ஒரு சுடர், கொஞ்சம் முன்னால்தான் ஒரு கை அங்கே வந்துபோயிற்று என்பதற்குச் சாட்சி.

அந்தக் கை யாருடையது? அரசனுடையது அல்ல, மந்திரவாதியுடையதும் அல்ல.

இந்தப் படங்களின் மனோநிலையை யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மெருகேறிய தரை, அடுக்கி வைத்த விறகு, புத்தகங்களின் தோல் அட்டை, மடிப்புக் கலையாத திரைச்சீலை எல்லாமே ஏவலாட்களின் வேலை. நம்மை மயக்குகிற சூழல் என்பது அந்த வேலையின் மொத்தம். ஆனால் படத்தில் அவர்கள் இல்லை, அவர்கள் நடமாடும் பின்கட்டும் இல்லை. கூட்டும் விளக்குமாறு இல்லை. சாம்பல் அள்ளும் தகரம் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. வேலைக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டு வேலையின் பலனை மட்டும் வைத்துக்கொண்ட ஒரு வீடு. அதில் நாம் எப்போதும் எஜமானனின் நாற்காலியிலிருந்து பார்க்கும்படி கோணம் வைக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏங்குவதில் ஒரு தார்மீகக் கேள்வியும் இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிஜ உலகில் எந்த அமைப்பை நாம் கூச்சப்பட்டுக் கைவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோமோ, அதற்கு இங்கே ரகசியமாக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கற்பனை உலகில் விளக்கு மந்திரத்தால் எரியும், யாரும் ஏற்ற வேண்டாம் என்று பதில் சொல்லலாம். சொல்லட்டும். அப்படியானால் அந்த மந்திரம் அறையை எப்படி மாற்றியிருக்கிறது என்று காட்ட வேண்டும். விளக்கைக் கத்தரிக்க யாரும் வராத கூடத்தில் ஏணி இருக்காது, சுவரில் புகைக்கறை இருக்காது, மெழுகு சொட்டிய தரை இருக்காது. இவை எல்லாம் வேண்டும், ஏனெனில் அழகாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குரிய ஆட்கள் வேண்டாம் என்பது மந்திரம் ஆகாது. அது சௌகரியம்.

5

ஆளில்லாத அறைகளை வரையவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறை என்பது எப்படியும் ஆளைக் கூப்பிடும். இதற்கு ஒரு விநோதமான அத்தாட்சி உண்டு.

வெனிஸ்காரரான பிரானேஸி, தம்மைக் கட்டடக் கலைஞர் என்றே சொல்லிக்கொண்டவர். கட்டிய குறிப்பிடத்தக்க கட்டடம் என்று பார்த்தால் ரோமில் 1760களில் எழுப்பிய ஒரு மாதா கோயில்தான். மற்றதெல்லாம் செப்புத் தகட்டில். அவருடைய கற்பனைச் சிறைகள் என்ற வரிசை 1750ஐ ஒட்டிப் பதினான்கு தகடுகளாக வெளிவந்தது. 1761ல் அதே தகடுகளை மேலும் இருட்டாக்கி, கயிறுகளும் சங்கிலிகளும் படிகளும் சேர்த்து, பதினாறாக வெளியிட்டார். கம்ப்யூட்டர் அறைகளுக்கெல்லாம் மூதாதை இந்தச் சிறைகள். தாமஸ் டி க்வின்ஸி 1821ல் வெளிவந்த அபினி வாக்குமூலத்தில் இவற்றை வர்ணிக்கிறார். விசேஷம் என்னவென்றால், அவர் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. கோல்ரிட்ஜ் சொல்லக் கேட்டதுதான். கேள்விஞானத்தில் எழுதிய வர்ணனையில், முடிவற்ற படிகளில் பிரானேஸியே ஏறிக்கொண்டிருக்கிறார். படி முறிந்துபோகிற இடத்தில், இதோடு ஆள் தொலைந்தான் என்று நாம் நினைக்க, மேலே இன்னொரு படிக்கட்டில் மறுபடியும் அவரே தெரிகிறார். தகடுகளில் சிறுசிறு மனித உருவங்கள் உண்டு. இப்படி ஏறுகிற பிரானேஸி கிடையாது. இரண்டு மனங்களைத் தாண்டி வரும் வழியில் அறைக்குள் ஓர் ஆள் வந்துவிட்டான். வந்தவன் வரைந்தவனே.

பார்வையாளன் எப்படியும் யாரையாவது உள்ளே அனுப்பப்போகிறான். அப்படி அனுப்பப்பட்டவன் உள்ளே போய் என்ன பார்ப்பான் என்பதற்குக் கலைஞன் பொறுப்பு.

இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் அறைகளும் உண்டு. 1993ல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் அமெரிக்காவில் உருவாக்கிய 'மிஸ்ட்' என்ற விளையாட்டை இதற்குச் சொல்வேன். அந்நாளைய மெஷினின் சக்தி குறைவு. அசையும் மனிதர்களை உள்ளே நடமாட விட முடியாது. எனவே தீவு காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதற்குக் கதையிலேயே காரணம் வைத்தார்கள். ஒரு தகப்பனின் நூலகம். அதில் இரண்டு புத்தகங்களில் இரண்டு பிள்ளைகள் சிறைப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தான் நிரபராதி, மற்றவன்தான் குற்றவாளி என்கிறான். விளையாடுகிறவன் வேறு வேறு உலகங்களுக்குப் போய், அவர்கள் வாழ்ந்த அறைகளைப் பார்த்து வர வேண்டும். ஒருவன் அறையில் பட்டும் பொன்னும் பகட்டும். மற்றவன் அறையில் சித்திரவதைக் கருவிகள். அறைகளே வாக்குமூலம். யாரை விடுவிப்பது என்று தீர்மானிக்க அந்த அறைகளைப் படித்தாக வேண்டும்; யாரை விடுவித்தாலும் நாம் அகப்பட்டுக்கொள்கிறோம். இன்றைய கணக்கில் அந்தப் படங்களின் ஒளி கரடுமுரடானது, பரப்புகள் பிளாஸ்டிக் மாதிரி இருக்கின்றன. ஆனாலும் அந்த வெறுமை கனக்கிறது. அங்கே சூழல் என்பது தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம்.

6

இங்கே எனக்கு நானே ஓர் ஆட்சேபம் எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தடயம் வேண்டும், வாழ்ந்த அடையாளம் வேண்டும் என்று கேட்கப்போய், அதையும் ஒரு சூத்திரமாக்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஆக்கிவிட்டார்கள். பாதி குடித்த கோப்பை, திறந்து கவிழ்த்த புத்தகம், மடித்து வைத்த மூக்குக் கண்ணாடி, நாற்காலி முதுகில் சால்வை. அறை கதை சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லித்தந்து, இந்தச் சாமான்களைத் தொகுப்பாக விற்கவும் செய்கிறார்கள். பாதி குடித்த கோப்பை நூறு அறைகளில் ஒரே கோப்பைதான். அப்படியானால் என் அளவுகோல் என்ன ஆயிற்று?

டூரரின் செருப்புக்கும் இந்தக் கோப்பைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. செருப்பு தனியாக நின்று நம் மனதைத் தொட முயற்சி செய்வதில்லை. அது பெஞ்சோடு சம்பந்தப்பட்டது, பெஞ்சு ஜன்னலோடு, ஜன்னல் மேசையில் விழும் வெளிச்சத்தோடு, வெளிச்சம் கிழவர் எழுதும் நேரத்தோடு, நேரம் சுவரில் தொங்கும் மணலோடு, மணல் மண்டையோட்டோடு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது கேள்வி கேட்கும். கோப்பையை எடுத்துவிட்டால் அந்த அறையில் எதுவும் கேட்காது. கார்னெல் பெட்டியில் ஒரு சுவரின் நிறம் மறு சுவரில் கசிந்ததே, அதே போலப் பொருள்களின் அர்த்தமும் ஒன்றின் மேல் ஒன்று கசிய வேண்டும். ஒளிக்கு அந்தக் கணக்கைப் போட மெஷின் இருக்கிறது. அர்த்தத்துக்கு அந்தக் கணக்கைப் போட வரைகிறவன் அந்த அறையில் மனதால் சில நாளாவது வாழ்ந்திருக்க வேண்டும். இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், குளிர்காலத்தில் நாற்காலியை எங்கே இழுத்துப் போடுவான், எந்தப் புத்தகத்துக்கு ஏணி தேவைப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டபின் அதில் பாதியைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஹாமர்ஷோய் நாற்காலியைக்கூட விட்டுவிட்டார். தெரிந்து விட்டதற்கும் தெரியாமல் விட்டதற்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்று என்னை நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. கவிதையில் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான்.

2022க்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடைந்திருக்கிறது. அந்த வருஷம் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலியவை பொதுமக்கள் கைக்கு வந்தன. நூறு கோடிக் கணக்கில் திரட்டிய படங்களிலிருந்து கற்றுக்கொண்ட இந்த மெஷின்களிடம் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நிமிஷத்தில் ஓர் அறை வந்துவிடுகிறது. தூசி, கற்றை, கணப்பு, கோப்பை எல்லாம் உண்டு. இதைப் பார்க்கும்போது எனக்குத் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸோலாரிஸ்' ஞாபகம் வருகிறது. 1972ல் வந்த படம். ஸ்தானிஸ்லாவ் லெம் 1961ல் எழுதிய நாவலை ஆதாரமாகக் கொண்டது. முடிவு நாவலில் இல்லாதது. தொலைதூரக் கிரகத்தில் சிந்திக்கும் சமுத்திரம் ஒன்று மனிதர்களின் நினைவைத் துழாவி அதில் உள்ளதை உண்டாக்கித் தருகிறது. கடைசியில் கெல்வின் தன் அப்பாவின் வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறான். எல்லாம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருக்கிறது. அப்பா முதுகில் தண்ணீர் ஆவி பறக்க விழுகிறது. அவர் அதைக் கவனிக்காமல் ஏதோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மழை என்பது சமுத்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. மழை வெளியே பெய்வதற்காகத்தான் கூரை என்று தெரியவில்லை. கூரையை அது பார்த்திருக்கிறது, அதன் கீழ் ஒதுங்கியதில்லை. நிமிஷத்தில் பிறக்கும் அறைகளில் எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டையும், அட்டைக்குள் பக்கம் இல்லாத புத்தகத்தையும், பிடிக்க ஆளில்லாத தண்டில் நிற்கும் சுடரையும் பார்க்கும்போது அதே மழைதான் பெய்கிறது. இந்தப் பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும், சரியாகிக்கொண்டும் வருகின்றன. சரியான பிறகுதான் கஷ்டம். மழை நின்றுவிட்ட அந்த வீட்டில், ஒதுங்கியறியாத ஒன்று கட்டிய கூரை இது என்று நமக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

இரவில் அந்த அறைகளை ஓடவிட்டுத் தூங்குகிறவர்களைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். அவர்கள் அழகுக்காக அதைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தனி அறையில் படுத்திருக்கும் ஒருவனுக்கு, தான் மூட்டாத நெருப்பு ஒன்று பக்கத்தில் எரிகிறது, வேறு யாரோ விழித்திருந்து அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிச்சயம் வேண்டியிருக்கிறது. குழந்தையாக இருந்தபோது அடுத்த அறை விளக்கு அந்த நிச்சயத்தைத் தந்தது. இப்படி நம்பிப் படுக்கிறவனிடம், அந்த நெருப்பை யாரும் மூட்டவில்லை, ஓர் எண்ணை நிரப்பினோம் என்று சொல்லும் நிலைமைக்கு ஒரு கலைஞன் வரக்கூடாது.

விளக்கை ஏற்றியது யார் என்ற கேள்விக்கு வரையப்பட்ட அறையில் ஒரே ஒரு பதில்தான் சாத்தியம். வரைந்தவன்தான் ஏற்றினான். அங்கே போய்வந்த ஒரே ஆள் அவன். அவன் அந்த மெழுகு உருகும் நேரமாவது உள்ளே உட்கார்ந்திருந்தானா என்பதை மட்டும்தான் நான் கேட்கிறேன்.